எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது? ஜெபக்கூட்டத்தில் அடிக்கடி வரும் கேள்விகள்

கோத்தகிரி சுற்றுவட்டாரத்தில் வீடு வீடாக நடக்கும் எங்கள் ஜெபக்கூட்டத்துக்குப் பலதரப்பட்டவர்கள் வருகிறார்கள். சொந்தமாக ஒன்றிரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர்கள், எஸ்டேட் லைன் வீடுகளில் குடியிருப்பவர்கள், அருவங்காடு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், சீசனில் காட்டேஜ் வாடகைக்கு விடுபவர்கள் எல்லாரும் உண்டு. வெளிப்படையாகக் கேட்டதும் தனியாக அழைத்துக் கேட்டதுமான கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் ஆயர் அல்ல, கூட்டம் நடத்துகிறவர்களில் ஒருவன். உங்கள் ஆயர் வேறு மாதிரி சொன்னால் அதையும் கேட்டு, வேதத்தைத் திறந்து பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

விட்டுக்கொடுத்துப் போவது நல்ல குணம் என்றுதானே பெரியவர்கள் சொல்கிறார்கள்? அது எப்போது தப்பாகிறது?

நல்ல குணம்தான். உங்கள் உரிமை, உங்கள் கௌரவம், உங்கள் வசதி இவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம். ஆண்டவருக்கு உரியதை எடுத்து இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்க நமக்கு அதிகாரம் இல்லை. சொல்வதற்கு இது எளிது. எது எந்தக் கணக்கில் சேரும் என்பதில்தான் பிரச்சினையே.

தானியேலைப் பாருங்கள். சிறு வயதில் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர். அங்கே பெல்தெஷாத்சார் என்று பேரை மாற்றினார்கள். அது தன் தேவனுடைய பேரின்படி வைத்த பேர் என்று பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரே சொல்கிறான். அந்தப் பேருக்காகத் தானியேல் சண்டை போட்டதாக வேதத்தில் ஒரு வரியும் இல்லை. கல்தேயரின் எழுத்தையும் பாஷையும் படித்தார். அந்நிய அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்தார். ராஜாவின் போஜனம் என்று வந்தபோதுதான் நின்றார். அதையும் முறைத்துக்கொண்டு செய்யவில்லை. பத்து நாள் பருப்பும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்று அதிகாரியிடம் மரியாதையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் முறைத்துக்கொள்வதே பக்தி என்று நினைக்கிறவர்கள் நம் சபைகளில் நிறைய உண்டு. தானியேல் அவர்கள் கட்சி இல்லை.

விசுவாசத்தை மறுதலிக்கச் சொல்லி என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பிறகு எனக்கு என்ன ஆபத்து?

யாரும் கட்டாயப்படுத்தாததுதான் ஆபத்து. ஆபிரகாமின் சகோதரன் மகன் லோத்தின் கதையை ஆதியாகமத்தில் வரிசையாக வாசியுங்கள். 13ஆம் அதிகாரத்தில் நல்ல தண்ணீர் வசதியுள்ள இடம் என்று யோர்தான் சமபூமியைத் தேர்ந்தெடுத்து, பாவத்துக்குப் பேர்போன சோதோம் பட்டணத்துக்கு நேரே கூடாரம் போடுகிறான். 14ஆம் அதிகாரத்தில் சோதோமிலேயே குடியிருக்கிறான். 19ஆம் அதிகாரத்தில் சோதோமின் வாசலில் உட்கார்ந்திருக்கிறான். வாசலில் உட்காருவது அந்த நாளில் ஊர்ப் பெரியவர்களுக்குரிய இடம். எந்த இடத்திலும் அவன் ஆண்டவரை வேண்டாம் என்று சொல்லவே இல்லை. மேய்ச்சல் நன்றாக இருந்தது, அவ்வளவுதான். ஆபிரகாம் போன இடமெல்லாம் பலிபீடம் கட்டினதாக எழுதியிருக்கிறது. லோத்து ஒரு பலிபீடம் கட்டினதாகக்கூட இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தை வைத்துக்கொண்டுதான் கீழே உள்ள மற்ற பதில்கள் எல்லாம்.

நாங்கள் படுகர். என் பெரியப்பா வீடு இந்துவாகவே இருக்கிறது. ஹெத்தை ஹப்பாவுக்கு, அதாவது ஹெத்தை அம்மன் திருவிழாவுக்கு, கூப்பிடுகிறார்கள். போகலாமா? சாப்பிடலாமா?

ஒவ்வொரு டிசம்பரிலும் இந்தக் கேள்வி வந்துவிடும். பேரகணி கோயிலுக்கு வெள்ளை உடுத்திக்கொண்டு ஹட்டி ஹட்டியாக (படுகர் ஊர் ஊராக) ஜனங்கள் நடந்து போகும்போது, ஒரே ரத்தத்தைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது யாருக்கும் சுகமான காரியம் அல்ல.

பவுல் இதற்கு 1 கொரிந்தியரில் மூன்று அதிகாரம் எழுதியிருக்கிறார் (8 முதல் 10 வரை). கொரிந்து பட்டணத்திலும் நம் ஊர் நிலைமைதான். கடையில் விற்கும் இறைச்சியில் கோயிலில் படைத்தது எது, படைக்காதது எது என்று தெரியாது. உறவினர்கள் விருந்துக்கு அழைப்பார்கள். பவுல் சொல்வதைச் சுருக்கினால் இப்படி வரும். கடையில் விற்பதை வாங்கிச் சாப்பிடு, விசாரிக்காதே. ஒருவர் வீட்டுக்கு அழைத்தால் போ, முன்னே வைத்ததைச் சாப்பிடு. 'இது படைக்கப்பட்டது' என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், சொன்னவருக்காக அதைச் சாப்பிடாதே. ஆனால் விக்கிரகத்துக்குச் செய்யும் வழிபாட்டில் பங்கெடுக்காதே. ஆண்டவருடைய பந்தியிலும் அந்தப் பந்தியிலும் ஒரே ஆள் உட்கார முடியாது.

அதனால் பெரியப்பா வீட்டுக்குப் போங்கள். பெரியவர்களைப் பாருங்கள், பிள்ளைகளுக்குத் துணி எடுத்துக் கொடுங்கள், வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். கும்பிடும் நேரத்தில் நீங்கள் கும்பிட மாட்டீர்கள் என்பதை முதல் நாளே பெரியப்பாவிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். அந்த இடத்தில் எல்லார் முன்னிலையிலும் மறுத்து அவரைத் தலைகுனிய வைப்பதைவிட அது மேல். பெரும்பாலான பெரியவர்கள் புரிந்துகொள்கிறார்கள். நாம் நினைக்கிற அளவுக்கு அவர்கள் நம்மை நெருக்குவதில்லை. நெருக்குகிறார்கள் என்று சபையில் சாட்சி சொல்லும்போது நாம்தான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறோம்.

சீரியப் படைத்தலைவன் நாகமானின் கதையையும் மறக்க வேண்டாம் (2 இராஜாக்கள் 5). குஷ்டம் நீங்கி ஊருக்குத் திரும்பும்போது எலிசாவிடம் ஒன்று கேட்கிறான். என் ராஜா ரிம்மோன் கோவிலில் பணிந்துகொள்ளும்போது என் கையில் சாய்ந்துகொள்வார், நானும் குனிய வேண்டியிருக்கும், இந்த ஒரு காரியத்தைக் கர்த்தர் மன்னிப்பாராக என்கிறான். எலிசா திட்டவில்லை. சமாதானத்தோடே போ என்று அனுப்பிவிட்டார். நேற்று விசுவாசத்துக்கு வந்தவனுக்கு ஒரு தீர்க்கதரிசி கொடுத்த அவகாசம் அது. முப்பது வருஷம் சபையில் இருக்கிற நாம் அதை நமக்குச் சலுகையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புதிதாக வந்தவர்களுக்கு அதே அவகாசத்தைக் கொடுக்க மறுக்கவும் கூடாது.

ஊர் வரி கட்டலாமா? அதில் கோயில் செலவும் சேர்ந்திருக்கிறது.

ரோட்டுக்கு, தண்ணீருக்கு, சாவு வீட்டுச் செலவுக்கு என்று ஊர் பொதுவில் வசூலிப்பதைத் தட்டாமல் கட்டுங்கள். பூஜைக்கென்று தனியாகக் கேட்டால், 'அதற்குப் பதில் அன்னதான அரிசிக்கோ பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கோ தருகிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். பணத்தை மிச்சம் பிடிக்கத்தான் பக்தி பேசுகிறார்கள் என்ற பேர் மட்டும் வந்துவிடக் கூடாது.

சமரசம் செய்யாமலிருக்க ஜெபம் எப்படி உதவும்? மன உறுதி இருந்தால் போதாதா?

மன உறுதி காலையில் இருக்கும், சாயங்காலம் இருக்காது. இயேசு பிடிபட்ட இரவில், கெத்செமனே தோட்டத்தில் பேதுருவுக்கு மன உறுதிக்குக் குறைவே இல்லை. மரித்தாலும் மறுதலிக்க மாட்டேன் என்று சொன்னவர்தான். ஆண்டவர் அவரிடம் கேட்டது உறுதியை அல்ல. 'நீங்கள் சோதனைக்குட்படாதபடிக்கு விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள்' என்றார். பேதுரு தூங்கினார். அதே இரவில் ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

தானியேல் 6ஆம் அதிகாரத்தில் நான் திரும்பத் திரும்ப நிற்கும் இடம் சிங்கக் கெபி இல்லை, 10ஆம் வசனம். முப்பது நாளைக்கு ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் விண்ணப்பம் செய்யக் கூடாது, மீறினால் சிங்கக் கெபி என்று சட்டம் வந்துவிட்டது. அது தெரிந்தும் தானியேல் வீட்டுக்குப் போய், 'தான் முன் செய்துவந்தபடியே' மூன்று வேளையும் முழங்காற்படியிட்டார் என்று எழுதியிருக்கிறது. அவர் அன்றைக்குப் புதிதாக எந்த வீரச் செயலும் செய்யவில்லை. நேற்றுச் செய்ததை இன்றும் செய்தார். அப்போது அவர் மிகவும் வயதானவர். இளைஞனாக வந்ததிலிருந்து மூன்று நான்கு ராஜாக்களைப் பார்த்துவிட்டார். அந்தப் பழக்கம் முன்பே இல்லாதிருந்தால், சட்டம் வந்த நாளில் ஆரம்பித்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். முப்பது நாள்தானே, மனதுக்குள் ஜெபித்துக்கொள்ளலாமே என்று சொல்ல எல்லா நியாயமும் இருந்தது.

நெருக்கடி வந்த பிறகு ஜெபிக்க ஆரம்பிப்பவருக்கும் ஆண்டவர் செவிகொடுப்பார். ஆனால் நெருக்கடியை நெருக்கடி என்று கண்டுபிடிக்கவே ஜெபப் பழக்கம் வேண்டும். லோத்துக்கு அது தெரியவே இல்லை.

தானியேல் பலகணியைத் திறந்து வைத்து ஜெபித்தார். இயேசு கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்னார். எதைச் செய்வது?

நல்ல கேள்வி. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டது.

ஆண்டவர் சொன்னது, மனுஷர் பார்க்க வேண்டும் என்று தெருமுனையில் நின்று ஜெபிப்பவர்களைப் பற்றி. அங்கே ஜெபம் தெரிந்தால் புகழ் கிடைக்கும். தானியேலுக்கு ஜெபம் தெரிந்தால் சாவு கிடைக்கும். புகழ் கிடைக்கும் இடத்தில் ஜெபத்தை மறைக்க வேண்டும். மறைத்தால் உயிர் தப்பலாம் என்ற இடத்தில் மறைக்காமலிருக்க வேண்டும். நம் இயல்பு நேர்மாறாக இருக்கிறது. சபையில் உரக்க ஜெபிக்கிறவர்கள் ஆபீஸ் கேன்டீனில் சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடத் தயங்குகிறார்கள்.

அந்தப் பலகணி ஏன் எருசலேமுக்கு நேராக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆலயப் பிரதிஷ்டை அன்று சாலொமோன் ஜெபித்த ஜெபம் 1 இராஜாக்கள் 8இல் இருக்கிறது. உம்முடைய ஜனங்கள் பாவம் செய்து சத்துருக்களின் தேசத்துக்குச் சிறைப்பட்டுப் போனால், அங்கிருந்து இந்தத் தேசத்துக்கும் நகரத்துக்கும் ஆலயத்துக்கும் நேராக விண்ணப்பம் செய்யும்போது கேட்டருளும் என்பது அதில் ஒரு பகுதி. தானியேல் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அந்தத் திசையில் முழங்கால் போட்டார். அப்போது அங்கே ஆலயம் இல்லை. கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் அதைச் சுட்டெரித்துவிட்டார்கள். தானியேல் சிங்கக் கெபியில் போடப்பட்டது கி.மு. 539க்குப் பிறகு. ஏறக்குறைய ஐம்பது வருஷமாகக் கல்லும் கரியுமாகக் கிடந்த இடத்தைப் பார்த்து அந்த மனிதர் தினம் மூன்று வேளை ஜெபித்திருக்கிறார்.

அந்த ஜெபத்தைச் சொன்ன சாலொமோன் என்ன ஆனார் என்பது அடுத்த மூன்றாவது அதிகாரத்தில் இருக்கிறது. வயதான காலத்தில் மனைவிகள் அவர் இருதயத்தை வேறு தேவர்கள் பின்னே சாய்த்தார்கள். எருசலேமுக்கு எதிரான மலையிலேயே மோவாபியரின் தெய்வமான கேமோசுக்கு மேடை கட்டினார். வேதத்திலேயே மிக நீளமான ஜெபங்களில் ஒன்றை ஜெபித்தவர் விழுந்தார். அந்த ஜெபத்தின் ஒரு வரியை எடுத்துத் தினமும் செய்தவர் நின்றார். நீளமாக ஜெபிப்பவர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்று புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதனால்தான்.

காலையில் நேரமே இல்லை. ஏழரைக்குக் கொழுந்து பறிக்கப் போக வேண்டும். அதற்குள் சமையல், பிள்ளைகள், தண்ணீர்.

'அந்திசந்தி மத்தியான வேளைகளிலும் நான் தியானம்பண்ணி முறையிடுவேன்' என்று 55ஆம் சங்கீதம் சொல்கிறது. மணிக்கணக்கு சொல்லவில்லை. அடுப்பு பற்ற வைக்கும்போது இரண்டு நிமிஷம், மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும்போது ஒரு நிமிஷம், ராத்திரி படுக்கும்போது அன்றைக்கு நடந்ததைச் சொல்லி முடிப்பது. நேரம் சிறிதாக இருக்கட்டும், இடமும் வேளையும் மாறாமல் இருக்கட்டும். ஜனவரி உறைபனியில் தரையில் முழங்கால் போட முடியாவிட்டால் கம்பளிக்குள்ளேயே ஜெபியுங்கள். அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்கிறவர்கள் ஒரு ஜனவரி இங்கே வந்து தங்கிப் பார்க்கட்டும்.

போனை எடுப்பதற்கு முன்னால் ஜெபியுங்கள் என்பது மட்டும் என் கறாரான ஆலோசனை. போனில் வரும் இன்றைய வசனமும் சபை குரூப்பில் வரும் ஆடியோவும் ஜெபம் இல்லை.

நான் பசுந்தேயிலை எடை போடும் வேலை பார்க்கிறேன். காய்ந்த இலைக்கும் ஈரம் என்று சொல்லிக் கழிக்கச் சொல்கிறார்கள். சொன்னதைச் செய்கிறேன், அது என் பாவமா?

இதைக் கேட்டவர் தனியாக அழைத்துத்தான் கேட்டார். ஆனால் பதிலை எல்லாருக்கும் சொல்லலாம் என்று அனுமதி கொடுத்தார்.

மழையில் நனைந்த இலைக்குத் தண்ணீர் எடையைக் கழிப்பதில் குற்றம் இல்லை. விற்கிறவர் ஒத்துக்கொண்ட அளவாக இருக்க வேண்டும், அவ்வளவே. காய்ந்த இலையில் கழித்தால் அது திருட்டு. 'கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது' என்று நீதிமொழிகள் 11 சொல்கிறது. லேவியராகமம் 19இலும் இதே சட்டம் உண்டு. அருவருப்பு என்ற சொல்லை விக்கிரக வணக்கத்துக்கும் வேதம் பயன்படுத்துகிறது. நம் சபைகளில் விக்கிரகத்துக்குக் காட்டும் பயத்தில் பத்தில் ஒரு பங்கைத் தராசுக்குக் காட்டினால் இந்த மலையில் சிறு விவசாயிகளின் வருமானமே கொஞ்சம் கூடும். மறுபக்கமும் உண்டு. சாக்கின் அடியில் முற்றின இலையையும் தண்டையும் போட்டு மேலே கொழுந்தைப் பரப்பிக் கொண்டுவரும் விசுவாசிகளையும் எடை போடுகிறவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

தானியேலின் உத்தியோகம் என்ன என்று யாரும் கவனிப்பதில்லை. அந்தச் சட்டம் போட்ட ராஜா தரியு 120 தேசாதிபதிகளை வைத்தான். ராஜாவுக்கு நஷ்டம் வராதபடிக்கு அவர்கள் கணக்கு ஒப்புவிக்க மூன்று பிரதானிகளை வைத்தான். அந்த மூவரில் ஒருவர் தானியேல். அதாவது கணக்குப் பார்க்கிறவர். எதிரிகள் முதலில் அவருடைய உத்தியோகத்தில்தான் குற்றம் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கணக்கில் பிடிக்க முடியாததால்தான் ஜெபத்தில் பிடிக்கப் பார்த்தார்கள். நம்மில் பலரைப் பிடிக்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: கழித்த பணம் உங்கள் கைக்கு வருகிறதென்றால் இன்றைக்கே நிறுத்துங்கள். வரவில்லை, சொன்னதைச் செய்கிறீர்கள் என்றால், பத்து நாள் சரியாக எடை போட்டுப் பார்க்கலாமா என்று முதலாளியிடம் தானியேல் மாதிரி மரியாதையாகக் கேளுங்கள். சரியாக எடை போடும் இடத்துக்கு இலை தானாக வரும் என்பது வியாபார ரீதியாகவும் சொல்லக்கூடிய வாதம்தான். ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு வேலை தேடத் தொடங்குங்கள். கையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாளைக்கே வேலையை விடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதுவரை ராத்திரி ஜெபத்தில் கிலோவைச் சொல்லுங்கள். 'ஆண்டவரே, குற்றங்களை மன்னியும்' என்று பொதுவாக முடிக்காமல், 'இன்றைக்கு நாற்பது கிலோ கழித்தேன், இந்த இந்த வீட்டுக்காரர்களுடையது' என்று சொல்லுங்கள். தினமும் எண்ணோடு சொல்லும் பாவத்தை அதிக நாள் செய்ய முடியாது.

சீசனில் காட்டேஜ் வாடகையை ஏற்றலாமா? மே மாதம் ஞாயிறு ஆராதனைக்கும் வர முடியவில்லை.

மே மாதத்தில் வாடகை ஏறுவது சந்தை. முன்பதிவு செய்தவரை ஏமாற்றிவிட்டு அதிகம் தருகிறவருக்குக் கொடுப்பது, உரிமம் இல்லாததை இருக்கிறது என்பது, வெந்நீர் வரும் என்று வராத வெந்நீருக்கு வாக்குக் கொடுப்பது, இவை சந்தை இல்லை. ஆராதனைக்கு வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவராவது வாருங்கள். மூன்று மாதம் ஒரு குடும்பமே காணாமல் போவதைத்தான் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பையனுக்குப் பெண் பார்க்கிறோம். கிறிஸ்தவப் பெண்தான் வேண்டும், ஆனால் நம் ஆட்களாகவும் இருக்க வேண்டும் என்கிறார்கள் வீட்டில். இதில் சமரசம் எங்கே வருகிறது?

'நம் ஆட்கள்' என்று சொன்ன இடத்தில் வந்துவிட்டது.

ஹப்பா சாப்பாட்டைப் பற்றி ஒன்றரை மணிநேரம் விவாதிக்கும் சபை, ஜாதி பார்த்துச் சம்பந்தம் செய்வதைப் பற்றி ஒரு நிமிஷம் பேசாது. ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்று கலாத்தியர் 3இல் வாசித்துவிட்டு, கல்யாணத் தகவல் மையத்தில் முதல் கட்டத்தில் ஜாதியை நிரப்புகிறோம். இது இன்று நேற்று வந்ததும் இல்லை. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி வேறுபாடு முழுவதுமாக ஒழிய வேண்டும் என்று உத்தரவு எழுதினார். தஞ்சாவூரிலும் சென்னையிலும் சபையார் கடுமையாக எதிர்த்தார்கள். ஒரே பாத்திரத்தில் இராப்போஜனம் எடுப்பதே அன்றைக்குத் தகராறாக இருந்தது. இப்போது ஒரே பாத்திரத்தில் எடுக்கிறோம். சம்பந்தம் மட்டும் தனிப் பாத்திரத்தில்.

பேதுருவே இதில் தவறினார். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து பந்தியிலிருந்து விலகினார். பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கண்டித்தார் (கலாத்தியர் 2). அவர் எந்த விக்கிரகத்தையும் கும்பிடவில்லை. பந்தியை மாற்றினார், அதற்கே அவ்வளவு.

வீட்டுப் பெரியவர்கள் ஒரே நாளில் மாற மாட்டார்கள் என்பது தெரியும். குறைந்தபட்சம் பெண் பார்க்கும் காரியத்துக்காக ஜெபிக்கும்போது ஜாதியை மனதில் ஒளித்து வைக்காமல் வாய்விட்டுச் சொல்லி ஜெபித்துப் பாருங்கள். 'ஆண்டவரே, இந்த ஜாதியில் ஒரு பெண்ணைக் கொடும்' என்று சத்தமாகச் சொல்ல நாக்கு கூசினால், அந்தக் கூச்சம் சரியான கூச்சம்.

குழந்தைக்கு உடம்பு சரியில்லை. பக்கத்தில் கயிறு மந்திரித்துக் கட்டச் சொல்கிறார்கள்.

முதலில் டாக்டரிடம் போங்கள். கயிறு வேண்டாம். அதே மூச்சில் இதையும் சொல்லிவிடுகிறேன். ஊழியக்காரர் ஜெபித்துக் கொடுத்த எண்ணெய், தலையணைக்கடியில் வைக்கும் வசன அட்டை, வண்டியில் தொங்கும் சிலுவை இவற்றைக் கயிறு மாதிரியே பயன்படுத்தினால் பேர்தான் வேறு. மாத்திரையை நிறுத்து, விசுவாசம் போதும் என்று யாராவது சொன்னால் அவர் சொல்வதைக் கேட்காதீர்கள்.

உண்மையாக இருந்தேன், ஜெபித்தேன். நஷ்டம்தான் மிச்சம். ஏன்?

எனக்கு முழுப் பதில் இல்லை. பொற்சிலையைப் பணியாவிட்டால் அக்கினிச் சூளை என்று நேபுகாத்நேச்சார் மிரட்டியபோது தானியேலின் மூன்று நண்பர்கள் சொன்னதைத்தான் காட்ட முடியும். எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர், விடுவிக்காமற்போனாலும் நாங்கள் சிலையைப் பணிய மாட்டோம் என்றார்கள். அந்த 'போனாலும்' என்பதை நம் பிரசங்கங்களில் அதிகம் கேட்க முடிவதில்லை. ஜெபித்தால் வீடு வரும், வேலை வரும், விசா வரும் என்று கேட்டுக் கேட்டு, வராதபோது ஜெபம் பொய் என்று முடிவு செய்துவிடுகிறோம். வேறு வழியில் அது கிடைக்கிறது என்றதும் விசுவாசம் அங்கே கரைகிறது. பலன் மட்டும் பார்த்துச் செய்யும் ஜெபமே சமரசத்தின் விதை என்று நான் நினைக்கிறேன்.

1846இல் பாசல் மிஷன் ஆட்கள் கேத்திக்கு வந்து படுகர் மத்தியில் ஊழியத்தை ஆரம்பித்தார்கள். பல வருஷம் ஒரு ஞானஸ்நானமும் இல்லை. ஒவ்வொரு வருஷமும் எண்ணிக்கை கேட்கும் இன்றைய ஊழிய அறிக்கைகளில் அவர்கள் பேர் எந்தப் பக்கத்தில் வந்திருக்கும் என்று யோசிப்பதுண்டு.

1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கம் குடியேறிய குடும்பங்களில் வளர்ந்தவர்கள் நம் கூட்டத்தில் உண்டு. தலைமுறையாக இருந்த மண்ணிலிருந்து கப்பல் ஏறி வந்தவர்களிடம் பாபிலோன் சிறையிருப்பை நான் விளக்க வேண்டியதில்லை. நஷ்டத்தைப் பற்றிய இந்தக் கேள்வி உங்களுடையது என்றால் என்னிடம் கேட்பதைவிட அவர்களிடம் போய்க் கேளுங்கள்.

சபைத் தேர்தலில் ஓட்டுக்குப் பணம் புழங்குகிறது. பெரியவர்களே செய்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

வாங்காதீர்கள். கொடுத்தவருக்கு ஓட்டும் போடாதீர்கள். பேதுருவைப் பவுல் கண்டிக்கலாம் என்றால் கமிட்டி உறுப்பினரை நீங்கள் கேள்வி கேட்கலாம். சபையை விட்டுப் போவது கடைசி வழி. பெரும்பாலும் அது கோபத்தில் எடுக்கும் முதல் வழியாக இருக்கிறது.

ஏற்கெனவே விழுந்துவிட்டேன். ஜெபிக்க முகம் இல்லை.

பேதுரு மறுதலித்தது கரிநெருப்பின் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டிருக்கும்போது (யோவான் 18). உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் அவருக்காகக் காத்திருந்ததும் கரிநெருப்பைப் போட்டுவைத்துத்தான் (யோவான் 21). முதலில் சாப்பிட வாருங்கள் என்றார். சாப்பிட்ட பிறகுதான் கேள்வி. கேள்வியும் 'ஏன் செய்தாய்' என்று இல்லை, 'நீ என்னை நேசிக்கிறாயா' என்று.

பணம் சம்பந்தப்பட்டதாக இருந்தால் கண்ணீரோடு நிறுத்திவிட முடியாது. வரி வசூலித்த சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக) திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். எடுத்த அளவையாவது கொடுத்துவிடுங்கள். யாருடையது என்று தெரியாவிட்டால் அந்த ஊர் ஏழைகளுக்குப் போகட்டும், சபை உண்டியலுக்கு வேண்டாம்.

பிள்ளைகள் கோயம்புத்தூர், பெங்களூர் போன பிறகு சபைப் பக்கமே போவதில்லை.

போனில் கேட்டு நச்சரிக்காதீர்கள், பொய் சொல்லக் கற்றுக்கொள்வார்கள். தானியேல் வீட்டை விட்டுப் போகும்போது கையில் என்ன எடுத்துக்கொண்டு போனாரோ தெரியாது, ஒரு பழக்கத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். வீட்டில் பத்து வயதிலிருக்கும் அடுத்த பிள்ளையைக் கவனியுங்கள். போனவர்கள் லீவுக்கு வரும்போது வழக்கம்போல ராத்திரி ஜெபம் நடக்கட்டும், அவர்களுக்காக நீட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

பக்கத்து வீட்டு அக்கா இந்து. ஜெபக்கூட்டத்துக்கு வந்து உட்காரலாமா என்று கேட்கிறார். அவர் நெற்றிப் பொட்டோடு வந்தால் மற்றவர்கள் ஏதாவது சொல்வார்களோ?

சொல்கிறவர்களை என்னிடம் அனுப்புங்கள். சாலொமோனின் அந்த ஜெபத்திலேயே, தூர தேசத்திலிருந்து வரும் அந்நியன் வந்து விண்ணப்பம் செய்தாலும் கேட்டருளும் என்று ஒரு பகுதி இருக்கிறது. அவர் பொட்டோடு வரட்டும், பூவோடு வரட்டும். பாட்டில் சேர வேண்டும், கண்ணை மூட வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டாம். அவருக்கு ஜெபிக்க ஏதாவது இருந்தால் கேட்டு ஜெபியுங்கள். தமிழ் ஜெபம் சரியாகப் புரியாத பாட்டி யாராவது கூட வந்தால், படுகு மொழி தெரிந்தவர்கள் படுகுவிலேயே ஜெபியுங்கள். கூட்டம் வெள்ளிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு. மழை வலுத்தால் மேல் ரோட்டு வழியாக வரச் சொல்லுங்கள், கீழ்ப்பாதை வழுக்கும்.